அத்தியாயம் 7: சேமிப்பக இடைமுகங்களின் தர ஆவணங்களைப் பெறுவது எப்படி?

ஹார்ட் டிஸ்க்குக்கு டிரைவர் எழுதுபவர், அழிந்துபோன தரவை மீட்டுத் தருபவர், மைக்ரோகன்ட்ரோலரில் எஸ்டி கார்டை இணைக்கும் மாணவர், எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரைச் சோதிக்கும் பொறியாளர் ஆகிய எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே தேவை எழுகிறது. கையில் உள்ள விளக்கக் கட்டுரை ஒன்று சொல்லும், மாதிரி நிரல் வேறொன்று செய்யும், சாதனம் இரண்டுக்கும் இணங்காது. அப்போது அசல் தர ஆவணத்தைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த ஆவணத்தை முறையாகவும் குறைந்த செலவிலும் பெறும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

தேடுபொறியில் பெயரைத் தட்டி, முதலில் வரும் பிடிஎஃப்பை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் ஆண்டின் வரைவாக இருக்கும். 2000-இல் வந்த ஏடிஏ/ஏடாப்பி-5 ஆவணத்தை வைத்துக்கொண்டு டிரைவர் எழுதினால், 28 பிட் முகவரிதான் கிடைக்கும். 137 ஜிபிக்கு மேல் உள்ள இடத்தைத் தொடவே முடியாது. 48 பிட் முகவரி 2002-இல் வந்த ஏடிஏ/ஏடாப்பி-6 ஆவணத்தில்தான் சேர்ந்தது. ஆவணம் உண்மையானது, உங்கள் நிரலும் அதன்படியே எழுதப்பட்டது, ஆனாலும் வேலை தோற்கும்.

ஆகவே வரிசை இதுதான். எந்த அடுக்கில் உங்கள் கேள்வி இருக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த அடுக்கு எந்த அமைப்பின் பொறுப்பு என்று பாருங்கள். உங்கள் சாதனம் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்று கண்டுபிடியுங்கள். காசு கொடுப்பதைப் பற்றிக் கடைசியில் யோசியுங்கள்.

1. ஒரு சாதனம், பல ஆவணங்கள்

பென் டிரைவை எடுத்துக்கொள்வோம். கணினி அதிலிருந்து தரவைப் படிக்க விரும்பும்போது 31 பைட் நீளமுள்ள கட்டளைப் பொட்டலம் ஒன்றை அனுப்புகிறது. அதன் முதல் 15 பைட்டுகளில் அடையாளக் குறி, பொட்டலத்தின் எண், பரிமாற வேண்டிய தரவின் அளவு, திசை, அலகு எண், கட்டளையின் நீளம் ஆகியவை இருக்கின்றன. இவற்றை விளக்குவது யூஎஸ்பி-ஐஎஃப் அமைப்பு 1999-இல் வெளியிட்ட 'பல்க்-ஒன்லி டிரான்ஸ்போர்ட்' ஆவணம். மிச்சமுள்ள 16 பைட்டுகளில் இருப்பது ஸ்கசி கட்டளை. அதைப் பற்றி யூஎஸ்பி ஆவணத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 'இன்குயரி' என்றால் என்ன என்பதை ஸ்கசியின் எஸ்பிசி ஆவணம் சொல்லும். 'ரீட்(10)', 'ரீட் கெப்பாசிட்டி' என்றால் என்ன என்பதை வட்டு வகைச் சாதனங்களுக்குரிய 'ஸ்கசி பிளாக் கமாண்ட்ஸ்' ஆவணம் சொல்லும்.

ஆக, 31 பைட்டுகளைப் புரிந்துகொள்ள இரண்டு அமைப்புகளின் மூன்று ஆவணங்கள் வேண்டும். யூஎஸ்பி கேபிள் வழியே இணையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் நான்காவதாக ஒன்றும் வேண்டும். உள்ளே இருப்பது சாட்டா டிஸ்க், வெளியே தெரிவது ஸ்கசி. நடுவில் உள்ள சிப் இரண்டையும் மாற்றித் தரும் விதிகள் 'ஸ்கசி/ஏடிஏ டிரான்ஸ்லேஷன்' என்ற தனி ஆவணத்தில் இருக்கின்றன.

இந்தப் பிரிவினை ஒரே நாளில் வந்ததில்லை. 1986-இல் வந்த முதல் ஸ்கசி தரமும், 1994-இல் வந்த ஸ்கசி-2-உம் ஒவ்வொன்றும் ஒரே நூலாக இருந்தன. அதன்பின் கட்டமைப்பு ஒரு நூல், பொதுக் கட்டளைகள் ஒரு நூல், வட்டு, டேப், சிடி ஆகியவற்றுக்குத் தனித்தனி நூல்கள், கேபிள் வழிகளுக்குத் தனி நூல்கள் என்று பிரிந்தது. ஏடிஏவும் அதே வழியில் போனது: ஏடிஏ/ஏடாப்பி-7 மூன்று தொகுதிகளாக வந்தது, அதற்கு அடுத்த தலைமுறையில் கட்டளைத் தொகுப்பு ஏசிஎஸ் என்ற தனி ஆவணமானது. என்விஎம்இயும் 2021-இல் வந்த 2.0 பதிப்பில் அடிப்படை ஆவணம், கட்டளைத் தொகுப்புகள், போக்குவரத்து வழிகள் என்று பிரிந்துவிட்டது. ஆகவே புதிய பதிப்பில் நீங்கள் தேடும் அத்தியாயம் காணவில்லை என்றால், அது நீக்கப்பட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பக்கத்து நூலுக்கு இடம் மாறியிருக்கலாம்.

2. எது யாரிடம் இருக்கிறது

அடிக்கடி தேவைப்படும் ஆவணங்களும் அவற்றின் உரிமையாளர்களும் இதோ:

- ஸ்கசி, எஸ்ஏஎஸ்: அமெரிக்காவின் இன்சிட்ஸ் அமைப்பில் உள்ள டி10 குழு.
- ஏடிஏ கட்டளைகள்: அதே இன்சிட்ஸின் டி13 குழு. ஃபைபர் சேனல் டி11 குழுவிடம்.
- சாட்டாவின் கேபிள், இணைப்பான், மின்குறி, சட்டக அமைப்பு: சாட்டா-ஐஓ. முதல் சாட்டா ஆவணம் 2001-இல் வந்தது. விநாடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுவந்த 3.0 பதிப்பு 2009-இல் வந்தது.
- ஏஹெச்சிஐ (மதர்போர்டில் உள்ள சாட்டா கன்ட்ரோலரோடு மென்பொருள் பேசும் முறை): இன்டெல் நிறுவனம்.
- என்விஎம்இ: என்விஎம் எக்ஸ்பிரஸ் அமைப்பு. 1.0 பதிப்பு 2011-இல் வந்தது.
- பிசிஐ எக்ஸ்பிரஸ், எம்.2: பிசிஐ-சிக்.
- டிஸ்க்குகளின் வெளி அளவுகள், திருகுத் துளைகளின் இடம், பல இணைப்பான்கள்: எஸ்எஃப்எஃப் ஆவணங்கள். 1990-இல் தொடங்கிய இந்தக் குழு 2016 முதல் ஸ்னியா அமைப்பின்கீழ் இயங்குகிறது.
- யூஎஸ்பி வழிச் சேமிப்பு: யூஎஸ்பி-ஐஎஃப்.
- இஎம்எம்சி, யூஎஃப்எஸ்: ஜெடெக்.
- எஸ்டி கார்டு: எஸ்டி அசோசியேஷன்.
- ஐஸ்கசி (இணைய வழியே செல்லும் ஸ்கசி): ஐஇடிஎஃப். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3720-க்குப் பதிலாக 2014-இல் ஆர்எஃப்சி 7143 வந்துவிட்டது.
- தானே மறையாக்கம் செய்யும் டிஸ்க்குகளின் ஓபல் தரம்: டிசிஜி.

இந்தப் பட்டியலில் அதிகம் குழப்புவது சாட்டா. "சாட்டா டிஸ்க்கின் கட்டளைகள்" வேண்டும் என்று சாட்டா-ஐஓ ஆவணத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் உண்டு. கட்டளைகள் டி13-இன் ஏசிஎஸ் ஆவணத்தில் இருக்கின்றன. சாட்டா-ஐஓ ஆவணம் அந்தக் கட்டளை கம்பியில் எப்படிப் பயணிக்கிறது என்பதைச் சொல்வது. நீங்கள் மென்பொருள் எழுதுபவர் என்றால், முதலில் தேவைப்படுவது ஏசிஎஸ், அடுத்தது ஏஹெச்சிஐ. பெரும்பாலானவர்களுக்கு சாட்டா-ஐஓ ஆவணம் வரை போகும் தேவையே வராது.

3. பதிப்பை சாதனத்திடமே கேளுங்கள்

எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. நவீன சேமிப்பகச் சாதனங்கள் தாங்கள் பின்பற்றும் தரத்தைத் தாங்களே அறிவிக்கின்றன.

ஏடிஏ, சாட்டா டிஸ்க்குகளிடம் 'ஐடென்டிஃபை டிவைஸ்' கட்டளையை அனுப்பினால் 512 பைட் அளவுள்ள ஒரு பக்கம் திரும்ப வரும். அதை இரண்டு இரண்டு பைட்டாக எண்ணினால் 256 வேர்டுகள். இவற்றில் 80-ஆம் வேர்டைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு தலைமுறையைக் குறிக்கிறது. பிட் 8 ஏடிஏ8-ஏசிஎஸ், பிட் 9 ஏசிஎஸ்-2, பிட் 10 ஏசிஎஸ்-3, பிட் 11 ஏசிஎஸ்-4. ஒன்றாக இருக்கும் பிட்டுகளில் மிக உயர்ந்தது எதுவோ, அதுவே உங்களுக்கு வேண்டிய ஆவணம். பிட் 9 வரை ஒன்றாகவும் அதற்கு மேல் சுழியாகவும் இருந்தால், ஏசிஎஸ்-2-ஐத் தேடுங்கள். அதாவது இன்சிட்ஸ் 482-2012. பிட் 10 வரை என்றால் இன்சிட்ஸ் 522-2014. பிட் 11 வரை என்றால் இன்சிட்ஸ் 529-2018. வேர்டு முழுவதும் சுழியாகவோ முழுவதும் ஒன்றாகவோ இருந்தால், சாதனம் பதிப்பைச் சொல்லவில்லை என்று பொருள். சாட்டா-ஐஓ பதிப்பை அறிய 222-ஆம் வேர்டைப் பார்க்க வேண்டும்.

லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் அல்லது எச்டிபார்ம் நிறுவியிருந்தால், பிட்டுகளை நீங்கள் எண்ண வேண்டாம். சாதனத்தின் விவரத்தைக் கேட்டால் ஏடிஏ பதிப்பும் சாட்டா பதிப்பும் எழுத்திலேயே வந்துவிடும்.

ஸ்கசி, எஸ்ஏஎஸ் சாதனங்களில் 'இன்குயரி' கட்டளைக்கு வரும் விடையில் பைட் 2-ஐப் பாருங்கள். 4 என்றால் எஸ்பிசி-2, 5 என்றால் எஸ்பிசி-3, 6 என்றால் எஸ்பிசி-4, 7 என்றால் எஸ்பிசி-5. சர்வர்களில் பயன்படும் டிஸ்க்குகள் இதைச் சரியாகச் சொல்லும். மலிவான பென் டிரைவ்களின் அறிவிப்பை அப்படியே நம்ப வேண்டாம். ஏதோ ஓர் எண்ணை நிரப்பி வைத்திருப்பார்கள்.

என்விஎம்இ எஸ்எஸ்டியில் இன்னும் எளிது. என்விஎம்இ-சிஎல்ஐ கருவியால் கன்ட்ரோலரின் விவரத்தைக் கேட்டால், பதிப்பு என்ற புலத்தில் பதினாறடிமான எண் ஒன்று வரும். 10300 என்றிருந்தால் 1.3, 10400 என்றிருந்தால் 1.4. 1.2-க்கு முந்தைய சாதனங்களில் இந்தப் புலம் சுழியாக இருக்கும். அப்போது கன்ட்ரோலரின் பதிவகங்களில் உள்ள பதிப்பு எண்ணைப் படிக்க வேண்டும்.

இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஆவணத்தைத் தேடத் தொடங்குங்கள்.

4. ஆவண எண்ணைப் படிக்கும் முறை

ஒரே ஆவணம் பல பெயர்களில் நடமாடுவதால் தேடுவது சிரமமாகிறது. ஏடிஏ/ஏடாப்பி-7-ஐ எடுத்துக்கொண்டால், குழுவின் வேலைத்திட்ட எண் டி13/1532டி. வெளியான பின் அதன் எண் இன்சிட்ஸ் 397-2005. உலகத் தரமாக ஏற்கப்பட்டபோது ஐஎஸ்ஓ/ஐஇசி 24739. மூன்று எண்களில் எதைத் தட்டினாலும் ஒரே உள்ளடக்கத்தின் வெவ்வேறு வடிவங்கள் வரும்.

அமைப்பின் பெயரும் காலப்போக்கில் மாறியது. இன்றைய இன்சிட்ஸ் முன்பு என்சிட்ஸ், அதற்கு முன் எக்ஸ்3. அதனால்தான் ஸ்கசி-2-இன் எண் எக்ஸ்3.131-1994, ஏடிஏ/ஏடாப்பி-4-இன் எண் என்சிட்ஸ் 317-1998, ஏடிஏ/ஏடாப்பி-6-இன் எண் இன்சிட்ஸ் 361-2002. பழைய தரத்தை விற்பனைத் தளத்தில் தேடும்போது புதிய பெயரில் கிடைக்காவிட்டால், பழைய பெயரில் தேடிப் பாருங்கள். முன்னொட்டு எதுவும் இல்லாமல் எண்ணை மட்டும் இடுவது இன்னும் நல்லது.

ஐஎஸ்ஓ/ஐஇசி வரிசையில் ஸ்கசி குடும்பம் 14776 என்ற எண்ணின்கீழ்ப் பல பாகங்களாகவும், ஏசிஎஸ் குடும்பம் 17760 என்ற எண்ணின்கீழும் வருகின்றன.

எண்ணோடு ஒட்டிவரும் ஆண்டை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் தேசியத் தர அமைப்பான ஆன்சியின் விதிப்படி ஒரு தரத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபரிசீலனை செய்து, உறுதி செய்யவோ, திருத்தவோ, விலக்கிக்கொள்ளவோ வேண்டும். ஆண்டுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்தும் இன்னோர் ஆண்டும் வந்தால், பழைய உள்ளடக்கமே மீண்டும் உறுதி செய்யப்பட்டது என்று பொருள். பழையது கையில் இருந்தால் அதை மறுபடி வாங்கத் தேவையில்லை.

5. காசு கொடுக்காமல் முறையாகக் கிடைப்பவை

நல்ல செய்தி என்னவென்றால், இன்று புதிதாகச் சேமிப்பகத்துறையில் இறங்குபவருக்கு வேண்டிய முக்கிய ஆவணங்கள் பலவும் இலவசம்.

என்விஎம்இ ஆவணங்கள் எல்லாம் உறுப்பினர் ஆகாமலே அமைப்பின் தளத்தில் கிடைக்கின்றன. பழைய பதிப்புகளும், பதிப்புக்குப் பின் ஏற்கப்பட்ட திருத்தங்களும்கூட அங்கேயே உண்டு. யூஎஸ்பி சேமிப்பக ஆவணங்கள், ஏஹெச்சிஐ, எஸ்எஃப்எஃப் ஆவணங்கள், டிசிஜியின் ஓபல், ஐஇடிஎஃப்பின் ஆர்எஃப்சிகள் ஆகியவையும் அப்படியே. 2.5 அங்குல டிஸ்க்கைப் பொருத்த ஒரு தட்டு செய்ய வேண்டுமா? எஸ்எஃப்எஃப்-8201 போதும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு எஸ்எஃப்எஃப்-8301. துளைகளின் இடமும் தூரமும் மில்லிமீட்டரில் கொடுக்கப்பட்டிருக்கும்.

எஸ்டி அசோசியேஷன் முழு ஆவணத்தை உறுப்பினர்களுக்கே தருகிறது. ஆனால் 'எளிமையாக்கப்பட்ட விவரக்குறிப்பு' என்ற பெயரில் ஒரு வடிவத்தை, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் யாருக்கும் தருகிறது. மைக்ரோகன்ட்ரோலரில் எஸ்பிஐ வழியே கார்டைப் படித்து எழுதும் மாணவருக்கு அது போதுமானது. ஜெடெக் தளத்தில் இலவசப் பதிவு செய்துகொண்டால் பல ஆவணங்கள் கிடைக்கும்; சிலவற்றுக்கு உறுப்பினர் அல்லாதவர் கட்டணம் செலுத்த வேண்டும்.

கட்டணம் உள்ள ஆவணங்களுக்கும் மாற்று வழி உண்டு. டிஸ்க் தயாரிப்பாளர்கள் தங்கள் மாடல்களுக்கு வெளியிடும் கையேடுகளில், அந்த மாடல் ஏற்கும் கட்டளைகளைப் பைட் வாரியாக விளக்கும் அத்தியாயங்கள் இருக்கும். சீகேட் வெளியிட்ட 'ஸ்கசி கமாண்ட்ஸ் ரெஃபரன்ஸ் மேனுவல்' இவற்றில் தனித்துச் சொல்ல வேண்டியது. அதன் எண் 100293068. ஸ்கசி கட்டளைகளையும் அவற்றுக்கான விடைகளையும் அட்டவணைகளோடு தரும் இந்த நூல் இலவசம். ஸ்கசி கற்கத் தொடங்குபவர் தர ஆவணத்தை வாங்கும் முன் இதைப் படித்து முடித்தால், வாங்கவே தேவையில்லாமலும் போகலாம்.

1980களின் பழைய டிரைவ்களோடு வேலை செய்பவர்களுக்கு பிட்சேவர்ஸ் என்ற ஆவணக் காப்பகம் பெரிய துணை. சுகார்ட், சீகேட் போன்ற நிறுவனங்களின் அந்தக் காலக் கையேடுகள் பக்கம் பக்கமாக வருடப்பட்டு அங்கே இருக்கின்றன.

லினக்ஸ் கெர்னலின் மூல நிரலும் உதவும். ஏடிஏ, என்விஎம்இ பகுதிகளின் தலைப்புக் கோப்புகளில் வேர்டு எண்களும் கட்டளை எண்களும் பெயரோடு இருக்கின்றன. ஆனால் அதை ஒரு வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் தனக்குத் தேவையானதை மட்டுமே எழுதியிருக்கும்; பிழையான சாதனங்களுக்காகச் செய்த விதிவிலக்குகளும் அதில் கலந்திருக்கும்.

6. வரைவை எவ்வளவு நம்பலாம்?

டி10, டி13 குழுக்கள் பல ஆண்டுகள் தங்கள் வரைவுகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருந்தன. இன்று கணினித் துறையில் மூத்தவர்களாக இருக்கும் பலர் ஸ்கசியும் ஏடிஏவும் கற்றது அந்த வரைவுகளிலிருந்துதான். பிறகு கட்டுப்பாடு வந்தது. டி10-இன் வரைவுகளைத் திறக்க இப்போது உறுப்பினருக்கான கடவுச்சொல் வேண்டும்.

எனினும் ஒரு தரம் உருவாகும்போது குழுவிடம் வரும் முன்மொழிவுகள் தனி ஆவணங்களாகப் பதிவாகின்றன. இவற்றில் பல பொதுவெளியில் கிடைக்கின்றன. இவற்றின் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. எஸ்எஸ்டிகளில் உள்ள 'டிரிம்' வசதியைப் பாருங்கள். ஏசிஎஸ்-2 தரத்தில் 'டேட்டா செட் மேனேஜ்மென்ட்' என்ற கட்டளையாக அது இடம்பெற்றது. அதை அறிமுகப்படுத்திய டி13 முன்மொழிவின் எண் இ07154. 07 என்பது 2007-ஆம் ஆண்டு. கடைசியில் ஆர் என்ற எழுத்தும் எண்ணும் வந்தால் எத்தனையாவது திருத்தம் என்று பொருள். இறுதித் தரம் கட்டளையின் வடிவத்தைச் சொல்லும். இந்தக் கட்டளை எதற்காக வேண்டும் என்ற காரணத்தை முன்மொழிவில்தான் தேட வேண்டும். ஒரு தரத்தில் ஏதேனும் விதி விநோதமாகத் தோன்றினால், அது சேர்க்கப்பட்ட முன்மொழிவைத் தேடிப் படியுங்கள்.

வரைவைப் பயன்படுத்தும்போது மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

1. முகப்புப் பக்கத்தில் உள்ள திருத்த எண்ணையும் தேதியையும் பாருங்கள். வெளியான தேதிக்கு மிக நெருங்கிய கடைசித் திருத்தம் கற்பதற்குப் போதுமானது. இரண்டு மூன்று ஆண்டு முந்தைய வரைவில் உள்ள ஒரு பிட் பின்னர் இடம் மாறியிருக்கலாம், நீக்கப்பட்டும் இருக்கலாம்.
2. ஒப்பந்தம், சான்றிதழ், டெண்டர், ஆய்வறிக்கை ஆகியவற்றில் வரைவை மேற்கோள் காட்டாதீர்கள். வெளியான தரத்தை மட்டுமே காட்டுங்கள்.
3. வரைவுக்கும் பதிப்புரிமை உண்டு. உங்கள் கையில் உள்ளதை வேறொரு தளத்தில் ஏற்றிப் பகிராதீர்கள்.

7. வாங்கத்தான் வேண்டும் என்றால்

பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் தடயவியல் நிபுணர், பிறருக்குப் பொருந்துதன்மைச் சோதனை செய்து தருபவர் ஆகியோர் வெளியான தரத்தை வாங்கியே ஆக வேண்டும். அதில் சில நடைமுறை விஷயங்கள் உண்டு.

இன்சிட்ஸ் தரங்களை ஆன்சியின் இணைய அங்காடியில் பிடிஎஃப்பாக வாங்கலாம். அதே உள்ளடக்கம் ஐஎஸ்ஓ/ஐஇசி தரமாகவும் வந்திருந்தால், இரண்டின் விலையையும் ஒப்பிடுங்கள். அவை ஒன்றாக இருப்பதில்லை. ஐஎஸ்ஓ தன் விலையை சுவிஸ் ஃபிராங்கில் குறிக்கிறது. இந்தியாவில் ஐஎஸ்ஓவின் உறுப்பு அமைப்பு பிஐஎஸ். அதன் தென்மண்டல அலுவலகம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. இலங்கையில் இலங்கைத் தரநிர்ணய நிறுவனம் உறுப்பு அமைப்பு. உள்நாட்டுப் பணத்தில் ரசீதோடு வாங்க வேண்டிய கல்லூரிகளும் அரசு நிறுவனங்களும் முதலில் இவர்களிடம் விசாரிப்பது நல்லது.

சாட்டா-ஐஓ தன் உறுப்பினர்களுக்கு ஆவணத்தை இலவசமாகத் தருகிறது. மற்றவர்கள் கட்டணம் செலுத்திப் பெறலாம். பிசிஐ-சிக் ஆவணங்கள் உறுப்பு நிறுவனங்களுக்கானவை. நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் ஏற்கெனவே உறுப்பினரா என்று கேட்டுப் பாருங்கள். உறுப்பினர் என்றால் நிறுவன மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே நீங்கள் கணக்குத் தொடங்கிவிடலாம். பெரிய நிறுவனங்களில் இது தெரியாமலே பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

கல்லூரி நூலகத்தில் ஐட்ரிபிள்ஈ எக்ஸ்ப்ளோர் சந்தா இருந்தால், சந்தாவின் வகையைப் பொறுத்து ஐட்ரிபிள்ஈயின் தரங்கள் கிடைக்கும். ஃபயர்வயரின் 1394 தரம் அந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் ஸ்கசி, ஏடிஏ தரங்களை அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை வேறு அமைப்பினுடையவை.

பணம் செலுத்தும் முன் உரிம நிபந்தனையை வாசியுங்கள். தனிநபர் உரிமம் என்றால் ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். பல நேரம் வாங்கியவரின் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சாகியிருக்கும். குழுவில் ஐந்து பேர் படிக்க வேண்டுமென்றால் அதற்கான உரிமத்தைக் கேளுங்கள். பிடிஎஃப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஆகவே எண், ஆண்டு, பாகம் மூன்றையும் இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

8. விடை ஆவணத்தில் இருக்கிறதா?

வாங்கும் முன் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. தரவு மீட்பில் இருப்பவர்கள் டிஸ்க்கின் ஸ்மார்ட் அட்டவணையைத் தினமும் பார்க்கிறார்கள். 5-ஆம் எண் பண்பு என்றால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் அதிகாரபூர்வ விளக்கத்தைத் தேடி ஏசிஎஸ் ஆவணத்தை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த அட்டவணை உள்ள பைட்டுகள் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை என்றுதான் ஆவணம் சொல்லும். டிஸ்க் ஆபத்தான எல்லையைத் தாண்டிவிட்டதா இல்லையா என்ற விடையை மட்டுமே தரம் வரையறுக்கிறது. பண்புகளின் பொருளுக்கு தயாரிப்பாளரின் கையேட்டையும், பல மாடல்களின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸின் தரவுத்தளத்தையும்தான் நாட வேண்டும். தரப்படுத்தப்பட்ட எண்ணிக்கைகள் வேண்டுமென்றால், பிந்தைய ஏசிஎஸ் பதிப்புகளில் உள்ள 'டிவைஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' பதிவேட்டைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஆவணத்தில் ஒரு புலத்துக்கு எதிரே 'வழக்கொழிந்தது' என்று மட்டும் இருக்கும். முன்பு பொருள் இருந்தது, இந்தப் பதிப்பில் அதை விளக்கமாட்டோம் என்பதே அதன் கருத்து. சிலிண்டர், ஹெட், செக்டார் முறையில் முகவரி கொடுக்கும் பழைய டிஸ்க்குகளுக்கு இது அடிக்கடி நேரும். அந்த முறை ஏடிஏ/ஏடாப்பி-6-இல் வழக்கொழிந்துவிட்டது. அப்போது தேவைப்படுவது ஏடிஏ/ஏடாப்பி-5 அல்லது அதற்கு முந்தையது. புதிய பதிப்பு எப்போதும் பழையதைவிட நிறைவானது என்று எண்ண வேண்டாம். பழைய தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் பழைய பதிப்புகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

'ஒதுக்கப்பட்டது' என்று குறித்த பிட்டுகள் வேறு வகை. அவை எதிர்காலத் தரத்துக்காக வைக்கப்பட்டவை. எழுதும்போது சுழியை இடுங்கள். படிக்கும்போது அவற்றை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

9. ஆவணம் கைக்கு வந்ததும்

முதலில் திறக்க வேண்டியது கட்டளைகளின் அத்தியாயத்தை அல்ல. 'சார்பு ஆவணங்கள்' என்ற பகுதியை. இந்த நூல் வேறு எந்த நூல்களைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். உங்களிடம் இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து சொல் விளக்கமும், 'கட்டாயம்', 'பரிந்துரை', 'விருப்பம்' ஆகியவற்றைப் பிரித்துச் சொல்லும் பகுதியும். விருப்பக் கட்டளை ஒன்றைச் சாதனம் ஏற்கவில்லை என்றால் அது சாதனத்தின் பிழை ஆகாது. இந்த வேறுபாடு தெரியாமல் தயாரிப்பாளரிடம் புகார் செய்வது இரு தரப்புக்கும் நேர விரயம்.

கோப்புக்குப் பெயரிடும்போது தர எண், ஆண்டு, வரைவு என்றால் திருத்த எண் ஆகியவற்றைச் சேருங்கள். நிரலில் ஒரு கட்டளையை எழுதும் இடத்தில், எந்த ஆவணத்தின் எந்தப் பிரிவிலிருந்து எடுத்தீர்கள் என்று கருத்துரையாகக் குறிப்பிடுங்கள். பக்க எண்ணைவிடப் பிரிவு எண்ணும் அட்டவணைத் தலைப்பும் பயன்படும். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

சரிபார்ப்புப் பட்டியல்

- என் கேள்வி கட்டளையைப் பற்றியதா, கேபிளைப் பற்றியதா, இயந்திர அளவைப் பற்றியதா?
- அந்த அடுக்கு எந்த அமைப்பினுடையது?
- சாதனம் தானே அறிவிக்கும் பதிப்பு எது?
- தயாரிப்பாளர் கையேட்டில் விடை இருக்கிறதா?
- இலவச வடிவமோ எளிமையாக்கப்பட்ட வடிவமோ உண்டா?
- வரைவு போதுமா, வெளியான தரமே வேண்டுமா?
- என் நிறுவனமோ கல்லூரியோ ஏற்கெனவே உறுப்பினரா?
- விடை அந்த ஆவணத்தில் இருப்பது உறுதியா?

எட்டுக் கேள்விகளுக்கும் விடை எழுதிப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் எந்தக் கட்டணமும் செலுத்தாமலே தங்களுக்கு வேண்டியதைப் பெற்றுவிடுவார்கள். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இலவசமாகக் கிடைக்கும் என்விஎம்இ அடிப்படை ஆவணத்தையும் எஸ்டி கார்டின் எளிமையாக்கப்பட்ட விவரக்குறிப்பையும் உங்கள் ஆய்வகக் கணினிகளில் இறக்கி வையுங்கள். ஏசிஎஸ் தரம் ஒன்றையாவது நூலகத்துக்கு வாங்கும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள். மாணவர்கள் பாடப்புத்தகத்தின் சுருக்கத்தோடு நின்றுவிடாமல் அசல் ஆவணத்தைப் படித்துப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கல்லூரியிலேயே தொடங்கி வையுங்கள்.